மூன்று நூலும் ஒரு கண்ணும்

இடது கண்ணில் பார்வை போன பிறகு உலகம் அக்காவுக்குத் துணியில் அச்சடித்த படம்போல ஆகிவிட்டது. இது என் உவமை இல்லை; அவளே சொன்னது.

"எல்லாம் ஒரே துணில அச்சடிச்ச மாதிரி இருக்கு தம்பி. மரம், வீடு, கோழி, நீ. எது முன்னால நிக்குது, எது பின்னால நிக்குதுன்னு தெரியல."

கோப்பியைக் குவளைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு இதைச் சொன்னாள். மேசையில் ஓடிய கோப்பியைத் துடைத்துக்கொண்டே, "குவளைதான் நகந்துக்கிச்சு" என்றாள்.

கம்போங் குவாந்தானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவள் வேலை செய்தாள். எண்பத்து நான்காம் வருஷம், மழை விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை, வெட்டித் தள்ளிய மட்டை ஒன்று துள்ளி அவள் முகத்தில் விழுந்தது. முள் கண்ணில் ஏறியது. ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் இருந்தாள். திரும்பி வந்ததும் மண்டோர் இரக்கப்பட்டு இலேசான வேலை கொடுத்தார்: குலையிலிருந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக் கோணியில் போடுவது. முதுகுக்கு வேண்டுமானால் அது இலேசு. குனியும்போது மட்டை முள் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறதா ஒரு முழ தூரத்தில் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணுக்குத் தெரியாது. இருக்கிற கண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் செம்பனைக் காட்டுக்குள் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா போய்க்கொண்டுதான் இருந்தாள். அத்தான் லோரி ஓட்டினார்; மாதத்தில் பாதி நாள் ஈப்போ பக்கம். அம்மா அவளோடு தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தார்.

நான் கோலா சிலாங்கூரில் குமாஸ்தா. ஒரு கடையின் மாடியில் அறை எடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போவேன். நடந்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதும் பழக்கம் பள்ளி நாளிலிருந்தே உண்டு. அந்த நோட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் எண்பத்தாறின் அந்த மூன்று மாதங்கள் காகிதத்தில் இருப்பதைவிடப் பனியில்தான் அதிகம் இருக்கின்றன. செம்பனைக்குக் கீழே காலை எட்டு மணி வரை வெளிச்சம் பச்சையாக, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருக்கும். மனிதர்கள் அதில் மெல்ல நீந்தி வருவார்கள்.

அக்காவிடம் கால் மெஷின் ஒன்று இருந்தது. நேர்த்தையலுக்கு அவளுக்குக் கண்ணே வேண்டாம், விரல் போதும். கம்போங்கின் மலாய்ப் பெண்கள் பாஜு குரோங் உடை தைக்கக் கொடுப்பார்கள். எண்பத்தாறில் ஒரு நாள், அவள் தைத்த பள்ளி உடுப்பு ஒன்றைக் கோலா சிலாங்கூரில் உடுப்புக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் நான் காட்டினேன். அவர் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உடுப்பைப் புரட்டி, உள் ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. ஓரம் அடித்துக் கொண்டு வந்தால் ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் நூறு உடுப்பு தருகிறேன், அடுத்த வருஷமும் தருகிறேன் என்று மலாயில் சொன்னார்.

அக்கா காட்டை விட்டு வெளியே வர இருந்த ஒரே வழி அதுதான். துணியின் விளிம்பைக் கத்தியால் சீராக வெட்டி, அதே ஓட்டத்தில் மூன்று நூலால் பின்னி அடைக்கும் ஓவர்லாக் மெஷின் வேண்டும். அது மின்சாரத்தில் ஓடுவது. லயத்துக்கு அந்த வருஷம்தான் பகலிலும் மின்சாரம் வந்திருந்தது. பணமும் சேர்ந்திருந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

சாதாரண மெஷினில் ஊசிக்கு மட்டும் நூல் கோர்த்தால் போதும். ஓவர்லாக்கில் ஊசியைத் தவிர, உள்ளே வளைந்த கொக்கிகள் இரண்டு உண்டு. மேல் கொக்கி, கீழ்க் கொக்கி. ஒவ்வொன்றுக்கும் நூல் தனி வழியில், வளையம் வளையமாக நுழைந்து வளைந்து போக வேண்டும். துளைகள் கடுகளவு. இரண்டு கண் இருப்பவர்களே வியர்க்கும் வேலை.

"நூல நானே கோக்கணும்" என்றாள் அக்கா. "நடுவுல அந்து போச்சின்னா, கொஞ்சம் கோத்துக் குடுங்கன்னு அடுத்த வூட்டுக் கதவத் தட்டுற மெஷின் எனக்கு வேணாம்."

முதலில் கோலா சிலாங்கூரிலேயே ஒரு தையல்காரரின் பழைய மெஷினைப் பார்த்தோம். கட்டில் அளவு மேசையும் எண்ணெய் வாடையுமாக இருந்தது. மிதித்ததும் பலகை அறுக்கும் ஆலைபோலக் கூவியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "அம்மா சாமி கும்புடுறப்ப இது ஓடுனா சாமி எழுந்து ஓடிரும்" என்றாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது பத்து பஸ்ஸில் கிள்ளானுக்குப் போனோம். ஜெராம், காப்பார் வழியாகத் தென்னைகள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. ஜன்னல் வழியே உப்புக் காற்று வந்தது. நான் இரண்டு வாரமாகக் கடைகளில் விலைப்பட்டியல்கள் வாங்கிப் படித்து, எந்த மெஷினுக்கு எத்தனை நூல், எவ்வளவு எடை, என்ன உதிரி கிடைக்கும் என்று நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். அக்கா அதை மடியில் வைத்து, பஸ்ஸின் ஆட்டத்துக்கு ஏற்பத் தலையாட்டிக்கொண்டு தூங்கினாள். எழுந்ததும் சொன்னாள்: "கனவுல எனக்கு ரெண்டு கண்ணும் தெரியும் தம்பி. இப்பக்கூட நூல் கோத்தேன். துளை கதவு மாதிரி பெருசா இருந்துச்சு. குனிஞ்சு உள்ள போயிட்டு வந்தேன்."

கிள்ளானில் கண்ணாடி போட்ட பெரிய கடை. விற்க நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பளபளவென்ற ஒரு மெஷினில் துணித்துண்டை வைத்து, ஒரு மூச்சில் ஓரம் அடித்துக் காட்டினாள்.

"ரொம்ப ஈசிலா அக்கா. பச்சப்புள்ள கூட தைக்கும்."

அக்கா மேசையில் இருந்த கத்தரியை எடுத்து, எல்லா நூலையும் ஒரே வெட்டில் வெட்டி, முனைகளை உருவி எடுத்துவிட்டாள்.

"பச்சப்புள்ள தைக்கட்டும்மா. நீ இப்ப கோத்துக் காட்டு."

அந்தப் பெண் மெஷினையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்து, "கோக்குற ஆளு செவ்வாக்கெழமதான் வருவாரு" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "இத வாங்கினா ஆளையும் சேத்து வாங்கணும் போலருக்கு. அத்தான் சும்மா இருப்பாரா?"

என் பட்டியலில் இல்லாத ஒன்றை அன்று கற்றேன். கடையில் எல்லா மெஷினும் நூல் கோர்த்தபடியேதான் நிற்கும். ஓட்டுவதற்கு எல்லாமே சுலபம். எது சுலபம் என்று தெரிய வேண்டுமானால் நூலை அறுத்துப் பார்க்க வேண்டும்.

அன்றே அடுத்துப் போன கடை ஒரு சந்துக்குள் இருந்தது. தமிழ் முஸ்லிம் ஒருவருடையது. முன்னால் துணி, லேஸ், பித்தான். பின்னால் நான்கைந்து மெஷின்கள். தொப்பி போட்ட, அறுபது வயதை நெருங்கியவர். அங்கே ஓரமாக இருந்த சின்ன ஓவர்லாக் ஒன்றின் முன்மூடியை அக்கா கீழே தள்ளினாள். அது வாய்போலத் திறந்தது. உள்ளே ஒவ்வொரு வளையத்துக்கும் பக்கத்தில் ஒரு வண்ணப் புள்ளி இருந்தது. மேல் கொக்கியின் வழிக்குச் சிவப்பு, கீழ்க் கொக்கிக்கு நீலம், ஊசிக்குப் பச்சை. வண்ணத்தைத் தொடர்ந்து போனால் நூல் தன் இடத்துக்கு வந்து சேரும்.

"பாய், இத அத்து வுட்டுப் பாக்கலாமா?"

"வாங்கப்போற சாமானு தங்கச்சி. அறுத்துத்தான் பாருங்களேன்" என்று முக்காலியை இழுத்துப் போட்டார்.

அக்கா உட்கார்ந்தாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வலது கண்ணைப் புள்ளிகளுக்கு அருகே கொண்டு போனாள். துளை எங்கே என்று கண் சொல்லாதபோது நகத்தால் தேடினாள். சின்ன இடுக்கியால் நூலைப் பிடித்து நுழைத்தாள். பெடலை மிதித்தாள். நூல் பட்டென்று அறுந்தது. மீண்டும் கோர்த்தாள். மீண்டும் அறுந்தது.

"எதுக்கு மொதல்ல கோத்தீங்க?" என்றார் பாய்.

"ஊசிக்கி."

"அதான். செவப்பு மூத்தவன், நீலம் எளையவன், பச்சை மருமவ. வூட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் எடத்துல உக்காந்தப்புறம்தான் மருமவ வரணும். மருமவள மொதல்ல கூப்பிட்டா பொசுக்குனு அத்துக்கிட்டுப் போயிருவா."

"எனக்கு மாமியா இல்ல பாய். அதான் இந்த முறையெல்லாம் தெரியல."

கடைக்கு வேறு ஆள் வந்தபோதெல்லாம் அவர் போய்த் துணி கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அவசரப்படுத்தவில்லை. நாற்பத்தேழாவது நிமிஷத்தில் மெஷினின் பின்னாலிருந்து மெல்லிய நூல் சங்கிலி ஒன்று எறும்புச் சாரைபோல நிற்காமல் வந்தது. அக்கா மிதித்துக்கொண்டே இருந்தாள். பாய் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் அதை ஒரு முழம் வெட்டிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். என் நோட்டை நான் திறக்கவே இல்லை. மெஷினைப் பெட்டியில் வைத்துக் கட்டினார்கள், நூல் கோர்த்தபடியே.

பஸ் மாறித் தோட்டத்து முனையில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆற்றோர மரங்களில் மின்மினிகள் ஏறத் தொடங்கியிருந்தன. மரம் முழுவதும் ஒன்றாக அணைந்து, ஒன்றாக எரியும். பெட்டி என் தோளில் இருந்தது. அக்கா நின்று கையை நீட்டினாள்.

"பக்கத்துல இருக்கா தம்பி?"

"அக்கரைல இருக்கு."

"எனக்குக் கைல இருக்கு" என்றாள். கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

மறுநாள் காலை மூடியைத் திறந்து உள்ளே இருந்ததை நோட்டில் படமாக வரைந்து வைத்தேன். சிவப்பு நான்கு, நீலம் மூன்று, பச்சை மூன்று. எதற்கும் இருக்கட்டும் என்றுதான். மெஷினை ஓட்ட அம்மா விடவில்லை. சரஸ்வதி பூஜைக்குப் பத்து நாள் இருந்தது.

"கத்தி இருக்குற சாமான். பொட்டு வைக்காம ஓட்டப்படாது" என்றார். மெஷின் பத்து நாள் ஒரு வேட்டித் துணிக்குள் உட்கார்ந்திருந்தது. அக்கா போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பூஜைக்கு என்னால் போக முடியவில்லை. அலுவலகத்தில் கோப்புகளை இடம் மாற்றும் வேலை இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு போனபோது வெள்ளைச் சட்டைகளுக்கு அழகாக ஓரம் அடித்து வைத்திருந்தாள். தவுக்கே அவற்றைப் பார்த்துவிட்டு, மாதிரிக்கு ஆறு கருநீல உடுப்புக்கான துணியை வெட்டிக் கொடுத்தார். இவை சரியாக வந்தால் நூறும் வரும். அடுத்த முறை போனபோது துணியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

கருநீலத் துணிக்குக் கருநீல நூல் வேண்டும். பழைய நூலின் முனையில் புது நூலை முடிச்சுப் போட்டு இழுத்தால் அதுவே வழி பிடித்து வந்துவிடும் என்று பாய் சொல்லியிருந்தார். இரண்டு முடிச்சு வந்தது. ஒன்று உள்ளே அறுந்துவிட்டது. அக்கா எல்லாவற்றையும் உருவிவிட்டு முதலிலிருந்து கோர்த்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்த ஞாயிறு போனபோது மெஷின் மறுபடியும் வேட்டித் துணிக்குள் இருந்தது. கருநீலத் துணி வெட்டிய மடிப்பு கலையாமல் கிடந்தது.

"மூணு நாளா அவ சரியில்ல" என்றார் அம்மா மெதுவாக. "பசியாறக்கூட மாட்டேங்குறா."

அக்கா பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தாள். பனி இன்னும் விலகவில்லை. அவளுக்கு எதிரே செம்பனைகள் ஒன்றும் இல்லாத இடத்தில் நிற்பதுபோல நின்றன.

"நல்ல கண்ணும் போவுது தம்பி" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செவப்பு ரெண்டு ரெண்டா தெரியுது. இல்லாத எடத்துல எல்லாம் புள்ளி தெரியுது. நீலம் பாதி காணும். செவப்பப் பாத்து பாத்து கோக்குறேன், எங்கயோ போயி முட்டுது. பாய் கடைல நல்லாத்தான் தெரிஞ்சுது. நாப்பது நாள் கூட ஆவல." கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாத. நாளைக்கு பெரட்டுக்குப் போறேன். கண்ணு இருக்குற வரைக்கும் பழம் பொறுக்கலாம்."

விடியற்காலையில் வேலைக்காரர்களை நிறுத்தி, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பழக்கம்தான் கேட்டது.

"செவப்பு எத்தன தெரியுது?"

"ஒம்போது."

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். சிவப்பு நான்கு என்று என் கையெழுத்தில் இருந்தது. உள்ளே போய் வேட்டியை விலக்கி, மூடியைத் திறந்தேன். எண்ணினேன். இரண்டாம் முறை எண்ணினேன்.

"அக்கா, இங்க வா. எனக்கும் ஒம்போதுதான் தெரியுது."

அவள் வந்து குனிந்தாள். முகத்தைத் திருப்பவில்லை, கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டு மெல்லத் தடவினாள். விரலை எடுத்துப் பார்த்தாள். நுனியில் சிவப்பு. மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

"ம்மா."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார்.

"உள்ள என்னம்மா வெச்ச?"

"பொட்டுதான். வெளிய வெச்சா துணில ஒட்டுதுன்னு நீ தொடச்சிருவ. அதான் வாயத் தொறந்து உள்ள வெச்சேன். மெஷின் செஞ்சவங்களும் அங்கங்க புள்ளி வெச்சிருந்தாங்க. நடுநடுல எடம் இருந்திச்சு. குங்குமம் அஞ்சு, சந்தனம் ரெண்டு. ஏன், கொறச்சலா?"

நான்கும் ஐந்தும் ஒன்பது. சந்தனம் இரண்டு நீலப் புள்ளிகளின் மேல் காய்ந்து மூடியிருந்தது.

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "சாமிய வெச்சி புள்ளயக் குருடாக்கப் பாத்தேனே" என்றார். அக்கா விரல் நுனியில் இருந்த குங்குமத்தை வீணாக்காமல் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

துடைத்தபோது குங்குமமும் சந்தனமும் போனதோடு, அம்மாவின் கை வேகத்தில் பச்சைப் புள்ளிகளில் ஒன்றும் மங்கிவிட்டது. அக்கா யோசித்தாள்.

"உன் ஸ்டிக்கர் பொட்டு அட்டைய எடும்மா. பெருசு, நடு, சின்னது, மூணும்."

நான் நோட்டைப் பார்த்து இடம் சொன்னேன். அம்மா ஒட்டினார். மூத்தவன் போகும் வழிக்குப் பெரிய பொட்டு, இளையவனுக்கு நடுப்பொட்டு, மருமகளுக்குச் சின்னது. எல்லாம் சிவப்புதான், அளவுதான் வழி. கடைக்காரனின் கடுகுப் புள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டிய கண்ணுக்கு இவை தானாகத் தெரிந்தன. தெரியாவிட்டாலும் விரலுக்குத் தட்டுப்பட்டன. ஒட்டி முடித்ததும் அம்மா ஒரு பொட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வெளிய ஒண்ணு வெச்சிக்கவா?"

"வெச்சிக்க. தொடைக்கல."

அக்கா கத்தரியை என்னிடம் நீட்டினாள். உள்ளே அவள் தப்பாகக் கோர்த்த கருநீல நூல் சிக்கிக் கிடந்தது.

"அத்து வுடு தம்பி."

அறுத்தேன். அவள் உட்கார்ந்து பெரிய பொட்டிலிருந்து தொடங்கினாள். நானும் அம்மாவும் பின்னால் நின்றோம். வெளியே பனி கரைந்து, ஒவ்வொரு மரமாக இந்தப் பக்கம் வந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. கடைசியில் கருநீலச் சங்கிலி வந்தது. அக்கா அதை வெட்டாமல், அது தரையைத் தொடும் வரை மிதித்தாள்.

ஆறு உடுப்பையும் தவுக்கே புரட்டிப் பார்த்தார். ஓரத்தில் நூலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. வேறு இடத்தில் இழுத்தார். பிறகு, வெட்டிய துணி மூட்டையை என் மோட்டார் சைக்கிளில் வைத்துத் தானே கயிறு கட்டினார்.

டிசம்பரில், பள்ளி திறக்கச் சில வாரங்கள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கேயே தங்கினேன். விடியும்போது பெரட்டு மணி அடித்தது. கண் விழித்தேன். அக்கா எனக்கு முன்பே எழுந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் இருந்தாள். கருநீலம் முடிந்து வெள்ளைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மூடி திறந்திருந்தது. வலது கையின் நடுவிரல் பொட்டுக்குப் பொட்டு நடந்துகொண்டிருந்தது.

பனிக்குள்ளிருந்து கிராணியின் குரல் ஒவ்வொரு பேராக வந்தது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு பதில். அக்காவின் பேரும் வந்தது. அவள் வேலையிலிருந்து நின்றுவிட்டாலும் செக்ரோல் என்ற ஆள் பட்டியலில் பேரை இன்னும் அடிக்கவில்லை போலிருக்கிறது. பதில் இல்லாததால் மறுபடியும் கூப்பிட்டார்.

"மருமவ இப்பதான் உள்ள போறா" என்றாள் அக்கா, திரும்பாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி. ஊசிக்கு நூலைக் கோர்த்து, மூடியைச் சாத்தி, பெடலை மிதித்தாள்.